கோப்பைத் தேநீரும் பீலித் தண்ணீரும்

தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்ற வினாவுக்கு விடை தேடுமுன், அவ்வினாவை எழுப்பவும் அதன் விடையைப் பெறவும் உரிமை உடையவர் யார் என்று கேட்டாக வேண்டும். நம் நாட்டில் இவ்வுரிமை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. கண்டி மலைகளில் விளையும் தேயிலை கப்பலேறுமுன் சோதிக்கப்படுகிறது. கரையிறங்கிய பின் வாங்கும் நாட்டிலும் சோதிக்கப்படுகிறது. அந்தக் கொழுந்தைப் பறித்தவள் மாலையில் லயத்துக்குத் திரும்பிப் பீலியிற் பிடிக்கும் தண்ணீரை யார் சோதித்தார், எப்போது சோதித்தார், என்ன கண்டார்? எத்தனை தோட்டங்களில் இதற்கு எழுத்தில் விடை கிடைக்கும்? சரக்கு சோதிக்கப்படுகிறது, அதை உண்டாக்கியவளின் தாகம் சோதிக்கப்படுவதில்லை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்பதே நாம் இங்கு நிறுவ விரும்புவது.

சில ஆண்டுகளாக இலங்கையின் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் ஆசனிக் என்னும் பெயர் அடிபடுகிறது. பெயர்தான் புதிது, பொருள் நமக்குப் புதியதன்று. வெள்ளைப் பாஷாணம் என்றும், மனோசிலை என்றும், தாளகம் என்றும் சித்த வைத்தியத்தில் வழங்குவன அதன் பல வடிவங்களே. கூத்தர் முகத்திற் பூசிக்கொண்ட அரிதாரமும் அதன் மஞ்சள் நிறச் சேர்வையே. ஐரோப்பாவில் அதற்கு ‘வாரிசுப் பொடி’ என்ற பட்டப்பெயர் இருந்தது. மணமும் சுவையும் அற்ற அப்பொடியைச் சொத்துக்குக் காத்திருப்பவன் கிழவரின் கிண்ணத்தில் கலந்துவிட்டால், வாந்திபேதியால் இறந்தார் என்று ஊரார் அடக்கம் செய்துவிடுவர். 1836-ஆம் ஆண்டு ஜேம்ஸ் மார்ஷ் என்னும் ஆங்கில இரசாயனர், மிகச் சிறு அளவு ஆசனிக்கையும் காட்டிக்கொடுக்கும் சோதனையொன்றை வெளியிட்டார். நீதிமன்றங்கள் அதை வரவேற்றன. சொத்துடையவரின் கிண்ணத்தில் ஆபத்து என்றதும் சோதனை பிறந்தது. சொத்தற்றவரின் கிணற்றண்டை அது வந்து சேர மேலும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

குடிநீரிற் கரைந்து வரும் ஆசனிக் ஒரே நாளிற் கொல்வதில்லை. உடலின் உயிரணுக்களுள் வேலை செய்யும் நொதிகளைப் பற்றிக்கொண்டு அவற்றின் தொழிலைக் கெடுக்கிறது. ஆண்டுக்கணக்கிற் குடித்த பின்னரே தோலில் கருமையும் வெண்மையுமான புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்ப்பேறும். பின்னர் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் வருதல் கூடும். உலக சுகாதார நிறுவனம் 1963-இல் லீற்றருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த எல்லையை 1993-இல் 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. பத்துக் கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு என்பது இதன் பொருள். இலங்கையின் குடிநீர்க் கட்டளையும் 2013-இல் இவ்வெல்லையை ஏற்றது. இத்துணை நுண்ணிய அளவைக் கண் காணாது, நா அறியாது. கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். சேற்று நீரையும் நாற்ற நீரையும் ஒதுக்கத் தெரிந்த பாட்டாளியின் பட்டறிவு இந்நஞ்சின் முன் தோற்றுப் போகிறது. ஆய்வுகூடம் ஒன்றே அதை அறியும். ஆகவே ஆய்வுகூடம் யாருக்காக வேலை செய்கிறது என்பது விஞ்ஞான வினா மட்டுமன்று, அரசியல் வினாவுமாகும்.

இதனை வங்க மக்கள் தம் உடலில் எழுதிக் காட்டியுள்ளனர்.

குளத்து நீரைக் குடித்துப் பேதியிற் குழந்தைகள் மாள்வதைத் தடுக்க, 1970-களில் யுனிசெப் முதலிய அமைப்புகளின் உதவியோடு வங்கதேசமெங்கும் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நோக்கம் நல்லதே, கிருமியற்ற நீரும் கிடைத்தது. ஆனால், இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து குவித்த வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடந்த ஆசனிக், பிராணவாயு அற்ற ஆழத்தில் விடுபட்டு நீரிற் கலந்திருந்தது. அதை ஒருவரும் தேடவில்லை. 1983-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவரான கே. சி. சாகா, மேற்கு வங்கக் கிராமத்தவரின் கைகால்களிற் கண்ட குறிகளைக் கொண்டு இந்நோயை இனங்கண்டார். ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துத் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராக நீரைச் சோதித்து உலகுக்கு அறிவித்தார். எல்லைக்கு இப்புறம் தெரிந்தது அப்புறத்தில் அரசாங்க உண்மையாவதற்கு 1993 வரை பிடித்தது. 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் அலன் ஸ்மித் முதலியோர் எழுதிய கட்டுரை, வங்கதேசத்தின் 12½ கோடி மக்களுள் 3½ கோடியிலிருந்து 7.7 கோடி வரையானோர் ஆபத்துக்கு உட்பட்டுள்ளனர் என்று மதிப்பிட்டு, வரலாற்றில் ஒரு மக்கட் கூட்டத்துக்கு நேர்ந்த நஞ்சூட்டல்களில் இதுவே மிகப் பெரியது என்று கூறிற்று.

இக்கதையில் நாம் மனங்கொள்ள வேண்டிய பகுதி வேறொன்று. 1992-இல் பிரித்தானிய நிலவியல் ஆய்வகம் வங்கதேசத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. பல மூலகங்களைச் சோதித்த அந்த அறிக்கையில் ஆசனிக் சோதிக்கப்படவில்லை. பாதிப்புற்ற வங்கக் கிராமவாசி ஒருவர் அந்நிறுவனத்தின் மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். 2006-இல் பிரபுக்கள் சபை, அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீர் விநியோகத்தின் மீது அதிகாரம் அற்ற ஆய்வாளருக்கு அந்நீரைக் குடித்தவர்பால் சட்டக் கடமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்ட நூலின்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதன் பொருளை ஏழையின் மொழியிற் பெயர்த்துப் பாருங்கள்: சோதித்துக் கண்டால் பொறுப்பு வரும், சோதியாது விட்டால் எவரும் பொறுப்பல்லர்! இந்த நீதியை வங்கத்தோடு விட்டுவிடவில்லை, உலகெங்கும் உள்ள நிர்வாகங்கள். தேடாதிருப்பதே தமக்குக் காப்பு என்பதை அவை நன்கு கற்றிருக்கின்றன.

இலங்கைக்கு வருவோம். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்தின் பதவிய, மதவாச்சி முதலிய பகுதிகளில் நெல் விவசாயிகள் சிறுநீரகம் செயலிழந்து இறப்பது வெளிச்சத்துக்கு வந்தது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்கள்; உழைக்கும் வயதினர்; பெரும்பாலும் ஆண்கள். ஏதுவறியா நாட்பட்ட சிறுநீரக நோய் என்று அதற்குப் பெயரிட்டனர். 2011-இல் களனி, ரஜரட்டைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சில ஆய்வாளர்கள் ஆசனிக்கே இதற்குக் காரணம் என்றும், அது விவசாய இரசாயனங்களின் வழியே வருகிறது என்றும் அறிவித்தனர். நாடு கொந்தளித்தது. அரிசியிலும் ஆசனிக், அங்காடியிலும் ஆசனிக் என்று பேச்சு. இத்தோடு நில்லாமல், இவ்வறிவு நாத தெய்வத்தின் அருளாற் கிட்டியது என்றும் அவர்களுள் ஒரு சாரார் வெளிப்படையாகவே கூறினர். இதனால் நேர்ந்தது என்ன? நஞ்சு விற்பவர்களுக்கு எளிதான வாதமொன்று கிடைத்தது. தெய்வ வாக்கை நகைப்பதன் மூலம் விவசாயியின் கேள்வியையும் சேர்த்து நகைக்க அவர்களால் முடிந்தது. மக்கள் பக்கம் நிற்பதாகக் கூறிக்கொண்டு சான்றின் இடத்தில் அருள்வாக்கை வைப்பவர், மக்களின் கையிலுள்ள ஒரே ஆயுதத்தை மழுங்கச் செய்கிறார்.

பின்பு உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்த ஆய்வின் முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. நோயாளர் குடித்த நீரில் ஆசனிக், கட்மியம், ஈயம் ஆகியன பெரும்பாலும் வரையறைக்கு உட்பட்டே இருந்தன. நோயாளரின் சிறுநீரிலோ கட்மியம் மற்றவரைவிடக் கூடுதலாக இருந்தது. பூச்சிகொல்லி எச்சங்களும் காணப்பட்டன. அதற்கு முன்பே, மகாவலியின் மேற்புற விளைநிலங்களிற் கொட்டப்படும் உரத்தின் கட்மியம் ஆற்றோடு சென்று வடமத்திய மாகாணக் குளங்களை அடைகிறது என்ற கருத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் முன்வைத்திருந்தனர். வேறு அறிஞர்கள் வன்னீரையும் புளோரைட்டையும் சுட்டினர்; இன்னுஞ் சிலர் கடும் வெயிலில் நீரின்றி உழைப்பதைச் சுட்டினர். காரணம் ஒன்றல்ல, பல கூடியவை என்ற கருத்தே இன்று வலுப்பெற்றுள்ளது. ஆசனிக்கே முழுமுதற் காரணம் என்ற கூற்று நிறுவப்படவில்லை என்பதை முற்போக்காளராகிய நாம் தயங்காது கூற வேண்டும். பொய்யான சான்றை நம்பி எழுப்பும் போராட்டம் முதல் மழையிலேயே சரியும்.

ஆயின் இதிலிருந்து இன்னொரு கூட்டம் இன்னொரு முடிவுக்குத் தாவுகிறது. ‘ஆசனிக் இல்லையென்று ஆகிவிட்டது, ஆகவே கவலை இல்லை’ என்கிறது அக்கூட்டம். ஓரிடத்து நீரில் ஒரு நஞ்சு இல்லையென்பது, எல்லா இடத்து நீரிலும் எந்த நஞ்சும் இல்லையென்பதற்குச் சான்றாகுமா? வடமேற்குக் கரையில் மன்னார்ப் பகுதியின் படிவுப் பாறை நிலத்தடி நீரில், வரையறைக்கு மேற்பட்ட ஆசனிக் இருப்பதைப் பேராதனை நிலவியல் ஆய்வாளர்களே அண்மைய ஆண்டுகளில் எடுத்துக்காட்டினர். அது உரத்தால் வந்ததன்று. நிலத்தின் இயல்பால் வந்தது. மன்னாரில் எந்த மேடையும் முழங்கவில்லை. எந்தத் தெய்வமும் சொல்லவில்லை. ஒருவர் சென்று சோதித்தார், கண்டார். சோதிக்கப்படாத நீர் குற்றமற்ற நீர் அன்று. அது விசாரிக்கப்படாத நீர், அவ்வளவே.

இனிக் கண்டியைப் பார்ப்போம். இம்மலைகள் வங்கத்து வண்டலைப் போன்றவை அல்ல. மிகப் பழைய பளிங்குருப் பாறையால் ஆனவை. அவற்றின் ஊற்றுக்களில் நிலத்தின் இயல்பால் ஆசனிக் பெருகும் வாய்ப்புக் குறைவு. ஆகவே கண்டித் தண்ணீர் பாஷாணம் என்று நாம் கூக்குரலிடவில்லை. இயற்கை செய்யாததை மனிதன் செய்கிறான் என்பதையே சுட்டுகிறோம். தலதா மாளிகையின் முன்னுள்ள ஏரியிலிருந்து புறப்படும் மெத எல என்னும் ஓடை, நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு மகாவலியில் விழுகிறது. நகரின் குப்பை, பல பத்தாண்டுகளாகக் கட்டுகஸ்தோட்டைக்கு அருகே கோஹாகொடையில் மகாவலிக் கரையிலேயே மலையாகக் குவிக்கப்பட்டது. அக்குப்பையிலிருந்து கசியும் நீரில் பார உலோகங்கள் இருப்பதை ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் ஆய்வாளர் உள்ளிட்டோர் எழுதியுள்ளனர். 2007-இல் கம்பளையில் மஞ்சட்காமாலை பரவியபோது மகாவலிக் கரை மக்கள் பட்ட பாட்டை மறப்பதற்கில்லை.

கண்டியின் தண்ணீர் கண்டியோடு நிற்பதுமில்லை. 1976-இல் திறக்கப்பட்ட பொல்கொல்ல அணையில் மகாவலியின் ஒரு பகுதி மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குச் சென்று, சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் கலந்து, போவத்தென்னையிலிருந்து கலாவெவ வரை போகிறது. நுவரெலியாவின் மரக்கறித் தோட்டத்தில் இட்ட உரமும், தேயிலை மலையில் தெளித்த களைகொல்லியும், கண்டி நகரத்தின் கழிவும் இவ்வழியே சிங்கள உழவனின் வயலை நோக்கிச் செல்கின்றன. இலயத்துத் தமிழ்த் தொழிலாளியையும் அநுராதபுரத்துச் சிங்கள விவசாயியையும் மொழியாலும் மதத்தாலும் பிரித்து வைப்பவர்கள், இருவரையும் ஒரே ஆற்றின் நீரைக் குடிக்க வைத்திருக்கிறார்கள். இவ்விருவரும் ஒருவர் வாயிலாக ஒருவர் செய்தி அறிய வழியில்லாதிருப்பதே ஆள்வோருக்குப் பெரும் பாதுகாப்பு.

தோட்டங்களில் நிலை என்ன? 1867-இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து, மலையின் நீர் முதலில் செடிக்கும் ஆலைக்கும் பங்களாவுக்கும், எஞ்சியது லயத்துக்கும் என்பதே எழுதாச் சட்டம். ஊற்றின் மேலும் தேயிலை, கீழும் தேயிலை. தெளித்த மருந்து மழையோடு எங்கே இறங்கும் என்பதற்கு நிலவியல் படித்திருக்க வேண்டியதில்லை. நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து அரசு எடுக்கும் கணக்குகளில், பாதுகாப்பான குடிநீர் பெறுவோர் விகிதத்தில் கடைசி இடம் தோட்டத்துக்கே. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் அச்சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடுவதற்குத் தடையாக நின்றது; 2018-இலேயே அது திருத்தப்பட்டது. வாக்களிக்கும் போது பிரஜை, தண்ணீர் கேட்கும் போது கம்பெனியின் ஆள்! முப்பது ஆண்டுக்கு மேல் இவ்வேற்பாடு சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. 1992-இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறியது; பொறுப்போ அரசுக்கும் கம்பெனிக்கும் நலன்புரி நிதியத்துக்கும் இடையே பந்தாக உருண்டது.

கடல் கடந்த தமிழரின் அனுபவமும் இதுவே. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் சோடியம் ஆசனைட்டு என்னும் ஆசனிக் உப்பே நெடுங்காலம் களைகொல்லியாக இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் பாரகுவாட் வந்த பின்னரே அது விலகிற்று. அத்தோட்டங்களில் களை வெட்டியவரும் மருந்து தெளித்தவரும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து போன தொழிலாளரே. ஒரு நஞ்சு போய் மறு நஞ்சு வந்தது, தெளிப்பவர் மாறவில்லை. 2002-இல் தெனாகனித்தா என்னும் அமைப்பு மலேசியத் தோட்டங்களில் மருந்து தெளிக்கும் பெண்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள் என்பதை உலகறியச் செய்தது. மலேசியாவில் பாரகுவாட் முற்றாகத் தடைசெய்யப்பட 2020 ஆயிற்று. இலங்கையில் அது சில ஆண்டுகளுக்கு முன்பே படிப்படியாக நீக்கப்பட்டுவிட்டது.

இலங்கையில் அடுத்து நடந்தது இன்னும் கூர்மையான பாடம். சிறுநீரக நோயைக் காரணங் காட்டி 2015-இல் கிளைபோசேட் என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. தோட்டக் கம்பெனிகள் முறையிட்டன. தடைக்காலத்தில் சில தோட்டங்கள் வேறு களைகொல்லிகளை நாடின. அவற்றுள் ஒன்றன் எச்சம் இலங்கைத் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் முறையிட்டது. தனியே எல்லை வகுக்கப்படாத பூச்சிகொல்லிகளுக்கு ஜப்பான் வைத்திருக்கும் பொது எல்லை பத்து இலட்சத்தில் 0.01 பங்கு, அஃதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. வாசகர் இவ்வெண்ணை முன்பே கண்டிருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் குடிநீரின் ஆசனிக்குக்கு வைத்த எல்லையும் இதுவே! ஜப்பானியரின் முறையீடு வந்தவுடன் வாரியங்கள் கூடின, அமைச்சுகள் அசைந்தன, 2018-இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது, 2022-இல் தடை முழுவதும் நீங்கியது. பத்துக் கோடியில் ஒரு பங்கை அளக்கும் கருவியும் அறிவும் இந்நாட்டில் இல்லையென்று இனி யாரும் சொல்ல முடியாது. அவை இருக்கின்றன. தோக்கியோவில் ஒருவர் அருந்தும் கோப்பைக்காக அவை இயங்குகின்றன. தெல்தோட்டையில் ஒரு குழந்தை குடிக்கும் பீலிக்காக இயங்குவதில்லை. ஜப்பானியர் மேல் நமக்குக் கோபமில்லை. தம் மக்கள் என்ன அருந்துகிறார்கள் என்று கேட்க அவர்களுக்கு ஓர் அரசு இருக்கிறது. நம் தொழிலாளிக்கு அத்தகைய அரசு வேண்டும் என்பதே நம் வழக்கு.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் சில. ‘காரணம் இன்னும் நிரூபணமாகவில்லை’ என்பது முதலாவது. வடமத்திய மாகாணத்தில் காரணம் நிரூபணமாகுமுன்பே, கடற்படையைக் கொண்டு நூற்றுக்கணக்கான நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுவப்பட்டனவே! அது சரியான செயல், நாம் பாராட்டுகிறோம். நல்ல தண்ணீர் தருவதற்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதை அரசே அங்கு ஒப்புக்கொண்டது. ‘கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ என்பது இரண்டாவது. கிருமிக்கு அது மருந்து. உலோகத்துக்கும் களைகொல்லிக்கும் அன்று. விறகையும் நேரத்தையும் அரை நாட் சம்பளத்தையும் எண்ணிப் பார்க்கும் தாய்க்கு, அறிவுரை என்ற பெயரில் பொறுப்பைக் கைமாற்றும் தந்திரமும் ஆகும். ‘போத்தல் தண்ணீர் கிடைக்கிறதே’ என்பது மூன்றாவது. நஞ்சைப் பொதுவாக்கி, நல்ல நீரைத் தனிச் சொத்தாக்கும் சந்தையின் குரல் அது. ‘சோதித்து வெளியிட்டால் மக்கள் பீதியடைவர்’ என்பது கடைசி. வங்கதேசத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினர். எழுத்தறியாத மூதாட்டியும் அந்நிறத்தைப் படித்தாள். சிவப்புக் குழாயை விட்டுப் பச்சைக் குழாய்க்கு நடந்தவர் பலர். பீதி அங்கு அறிவினால் வரவில்லை, அறியாமையாலேயே வந்தது. அங்கும் புதிய கிணறுகளை அரசியல்வாதிகள் தம் ஆட்களின் முற்றத்தில் இறக்கினர் என்று 2016-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் குற்றஞ்சாட்டிற்று என்பதையும் மறைக்க வேண்டாம். சோதனை தானாகவே நீதியைக் கொண்டுவராது. சோதனை இன்றி நீதியைக் கேட்கவும் முடியாது.

நம் பக்கத்தவருக்கும் ஒரு வார்த்தை. நஞ்சு வேண்டாம் என்ற முழக்கத்தை ஆள்வோர் கையிற் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2021 காட்டியது. இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டது, மாற்று ஏற்பாடு இல்லை, விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைக் கைவிட நேர்ந்தது. விலை கொடுத்தவர் உழவரும் தோட்டத் தொழிலாளருமே. மண்ணையும் நீரையும் அளந்து, எங்கே எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்கிட்டுச் செய்ய வேண்டியதை ஆணையால் செய்தனர். அளக்காமல் தெளிப்பதும் அளக்காமல் தடுப்பதும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்கள்.

ஆகவே நம் கோரிக்கை எளிமையானது. ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு பிரிவிலும், மக்கள் குடிக்கும் ஊற்றும் தொட்டியும் பீலியும் கிருமிக்காக ஆண்டுக்கு இருமுறையும், உலோகத்துக்கும் விவசாய இரசாயனத்துக்குமாக ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்கப்பட வேண்டும். செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும்; சோதிப்பவரைக் கம்பெனி நியமிக்கக் கூடாது. முடிவு காரியாலயப் பெட்டியில் உறங்காமல், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பீலியின் அருகே தொங்க வேண்டும். ஊற்றைச் சுற்றி மருந்து தெளிக்காத எல்லையொன்று வகுக்கப்பட வேண்டும். தெளிக்கும் நாளும் மருந்தின் பெயரும் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். குறை கண்ட இடத்தில் முதலில் நல்ல தண்ணீர், பிறகு ஆராய்ச்சி என்ற ஒழுங்கு நிலவ வேண்டும்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் வேலை உண்டு. 2016-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அலுவலகத்தையும் பிரதேச சபையையும் நோக்கி, இன்ன தோட்டத்தின் குடிநீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, முடிவு யாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கேட்க ஓர் ஆசிரியரால் முடியும். விடை வந்தால் அதை லயத்தில் வாசித்துக் காட்ட ஒரு மாணவியால் முடியும். ‘பதிவேடு இல்லை’ என்று விடை வந்தால், அதுவே முதற் சான்று. கண்டி நகரைச் சுற்றிப் பேராதனையும் ஹந்தானையும் இருக்கின்றன. ஆய்வுகூடங்களும் அறிஞரும் இருக்கின்றனர். ஹந்தானையின் ஒரே சரிவில் ஆய்வுகூடமும் லயமும் அயலில் நிற்கின்றன. பல்கலைக்கழக மாணவர் போத்தலும் குறிப்பேடுமாக அச்சரிவில் இறங்கினால், உயர் கல்வி ஏழையின் வீட்டுக்குச் செல்லும் மிகக் குறுகிய பாதை அதுவாக இருக்கும். அவ்வாறு இறங்குபவர் மலையடிவாரத்துச் சிங்களக் கிராமத்தின் கிணற்றையும் சேர்த்தே சோதிக்கட்டும். இரு மொழியிலும் முடிவை எழுதட்டும்.

தேயிலைச் செடிக்கு எவ்வளவு உரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை மருந்து, எத்தனை இறாத்தல் கொழுந்து என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நுணுக்கமாகக் கணக்கெழுதி வந்திருக்கிறது இம்மலைநாடு. அந்தக் கணக்குப் புத்தகத்தில் மனிதர் குடிக்கும் தண்ணீருக்கு ஒரு பத்தி திறக்கச் சொல்லுகிறோம். திறக்கும் வரை கேட்போம்.